கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை வீட்டில் ஃப்ரேம் போட்டு மாட்டலாமா?



ஆடி அமாவாசை முடிஞ்சதுல இருந்து நம்ம கோயில் புலனக் குழுவுல ஒரே கேள்வி சுத்திக்கிட்டு இருக்கு. தர்ப்பணம் கொடுக்கப் போன இடத்துல பிள்ளைங்க சிப்பி, கிளிஞ்சல் எல்லாம் பொறுக்கிக்கிட்டு வந்துட்டாங்க. அதை வீட்டுல வைக்கலாமா? கண்ணாடி ஃப்ரேம் போட்டுச் சுவர்ல மாட்டலாமா? தோஷம் ஏதும் உண்டா? ஒருத்தர் "அழகா இருக்கு, வைங்க"ன்னு சொல்றார். இன்னொருத்தர் "உடனே கொண்டு போய்க் கடல்லயே போட்டுட்டு தலை முழுகுங்க"ன்னு குரல் பதிவு அனுப்புறார். நடுவுல தாய்மார்கள்தான் குழம்பிப் போய் நிக்கிறாங்க.

நான் குருக்கள் இல்ல, ஜோசியரும் இல்ல. அன்னதான மண்டபத்துல பாத்திரம் கழுவுறதுல இருந்து திருவிழா முடிஞ்சு கடற்கரையைக் கூட்டுறது வரைக்கும் செய்யிற ஒரு தொண்டன். அதனால சாஸ்திரத் தீர்ப்பு சொல்ல வரல. கடற்கரையில பல வருஷமா கண்ணால பார்த்ததை வச்சு என் கருத்தைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

என் பதில் இதுதான்: வைக்கலாம், தாராளமா வைக்கலாம். ஆனா எந்த நாள்ல எடுத்தீங்க, எதை எடுத்தீங்க, எங்க வைக்கிறீங்க, இந்த மூணும் முக்கியம்.

முதல்ல தோஷம்ங்கிற பேச்சை எடுத்துக்குவோம். கடல்ல இருந்து ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டு வர்றது நம்ம மரபுக்குப் புதுசு இல்ல. ராமேஸ்வரத்துல கடல் மணலை எடுத்து, லிங்கமா பிடிச்சுப் பூஜை பண்ணி, அந்த மணலைக் காசி யாத்திரையில கொண்டு போய்த் திரிவேணியில கரைக்கிறாங்க. அங்க இருந்து கங்கை நீரைக் கொண்டு வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் பண்றாங்க. அந்தத் தலத்தோட வரலாறே சீதா பிராட்டி மணல்ல பிடிச்ச லிங்கம்தான். கன்னியாகுமரிக்குப் போனவங்க கலர் கலரா மணலைச் சின்னப் பொட்டலமா வாங்கிக்கிட்டு வந்திருப்பீங்க. அம்மன் கல்யாணம் நடக்காம போன அன்னைக்கு, சமைக்காம கிடந்த அரிசியெல்லாம் மணலா மாறிடுச்சுன்னு அங்க சொல்வாங்க. நம்ம பாட்டிமார் அந்தப் பொட்டலத்தை டிரங்குப் பெட்டியில பத்திரமா வச்சிருந்தாங்க. அப்போ யாரும் தோஷம்னு சொல்லல. நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமா சொல்லுது தொல்காப்பியம். கடல் நமக்கு அந்நியமான இடம் இல்ல.

அப்படின்னா பெரியவங்க ஏன் வேணாம்னு சொல்றாங்க? அவங்க பேச்சுலயும் நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல கடற்கரைக்குக் குடும்பமா போறது ரெண்டு காரணத்துக்கு. ஒண்ணு உல்லாசம். இன்னொண்ணு காரியம். அஸ்தி கரைக்கவும், கருமாதிக்கும், அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் கிள்ளான் பக்கம், மோரிப், போர்ட்டிக்சன்னு போறோம். காரியம் முடிஞ்சா திரும்பிப் பார்க்காம வரணும், அங்க இருந்து எதையும் கொண்டு வரக் கூடாது. இது நம்ம பெரியவங்க வச்ச முறை. விட வேண்டியதை விட்டுட்டு வரணும்ங்கிறதுதான் அதோட அர்த்தம். மனசு பின்னாலயே இழுக்கிற நேரத்துல கையையாவது வெறுமையா வச்சிருன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. இதை மூடநம்பிக்கைன்னு நான் தள்ள மாட்டேன்.

ஆனா ஒரு சம்பவம் சொல்றேன். கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு குடும்பத்துக்கு உதவியா காரியத்துக்குப் போயிருந்தேன். இறந்தவருக்குப் பத்து, பன்னிரண்டு வயசுல ஒரு பேரன். தாத்தாதான் அவனைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தவர். எல்லாரும் கரையில நிக்கும்போது அந்தப் பையன் ஒரு சின்ன கெராங் ஓட்டை எடுத்துக் கால்சட்டைப் பையில போட்டுக்கிட்டான். கார்ல ஏறும்போது பெரியம்மா ஒருத்தர் பார்த்துட்டாங்க. கையைப் பிடிச்சு, பையில இருந்து எடுத்து, தூரமா வீசிட்டாங்க. பையன் அழல. "அங்கிள், அதுல என்ன தப்பு?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டான். பெரியம்மா மேல கோபப்பட முடியல, அவங்களுக்குத் தெரிஞ்ச வழியில அவங்க அந்தக் குடும்பத்தைக் காப்பாத்துறாங்க. பையன் கேட்டதுலயும் தப்பு இல்ல.

அன்னைக்கு அவன்கிட்ட நான் சொன்னதையே இப்ப உங்க எல்லாருக்கும் சொல்றேன். காரியம் பண்ற நாள்ல எடுக்காதீங்க. அன்னைக்குப் போறது விடுறதுக்கு, எடுக்கிறதுக்கு இல்ல. ஒரு மாசம், ரெண்டு மாசம் கழிச்சு, குடும்பமா அதே கடற்கரைக்குப் போங்க. குளிங்க, சாப்பிடுங்க, தாத்தாவைப் பத்திப் பேசுங்க. அப்போ பிள்ளை ஒரு சிப்பி எடுத்தா எடுக்கட்டும். பெரியவங்க முறையும் கெடாது, பிள்ளை மனசும் உடையாது. எங்க அந்தச் சிப்பியை வைக்கிறதுன்னு கேட்டா, பூஜை அறையில வேணாம். இறந்தவங்க படத்தையே நாம சாமி படங்களோட சேர்த்து வைக்கிறது இல்லையே! ஹால்ல, தாத்தா படத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஃப்ரேம். அவ்வளவுதான். அதைக் கும்பிட வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அது ஞாபகம்.

அடுத்தது, எதை எடுக்கலாம்ங்கிறது. இதுலதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

நம்ம விசேஷ நாளும் கடலும் எப்படிப் பொருந்தியிருக்குன்னு பாருங்க. ஆடி அமாவாசை அமாவாசையில வருது. மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருது. இந்த ரெண்டு சமயத்துலயும் சூரியன், பூமி, நிலா மூணும் ஒரே வரிசைக்கு வர்றதால கடல் ஏற்றமும் பெருசு, வற்றமும் பெருசு. மத்த நாள்ல தண்ணிக்குள்ள மறைஞ்சு கிடக்கிற இடமெல்லாம் அன்னைக்கு வெளிய தெரியும். அதுவும் மோரிப் மாதிரி சேத்துக் கரையில தண்ணி ரொம்ப தூரத்துக்கு உள்வாங்கிடும். 1945 செப்டம்பர்ல பிரிட்டிஷ் படை அங்க இறங்கினப்போ வண்டிகள் சேத்துல சிக்கிக்கிட்ட கதை வரலாற்றுலயே இருக்கு. ஆக, நாம கூட்டமா போற நாள்லதான் கரையில சிப்பி அதிகமா கண்ணுல படும். அதுல உயிரோட இருக்கிறதும் அதிகம்.

பிள்ளைங்களுக்கு அது தெரியாது. நாமதான் சொல்லிக் கொடுக்கணும். ரெண்டு ஓடும் இறுக்கமா மூடியிருந்தா உள்ள உயிர் இருக்கு. சங்கு மாதிரி சுருண்ட ஓட்டைத் திருப்பிப் பாருங்க, வாய்ப்பக்கம் கதவு மாதிரி ஒரு மூடி இருந்தா உள்ள நத்தை இருக்கு. மூடி இல்லாட்டியும் அவசரப்படாதீங்க. பக்கத்துல தேங்கிக் கிடக்கிற தண்ணியில போட்டு ரெண்டு நிமிஷம் பாருங்க, சின்னக் கால் வெளிய வந்தா அது துறவி நண்டு. காலி ஓட்டைத்தான் அது வீடா வச்சிருக்கு. நட்சத்திர மீன் எதையும் தொட வேண்டாம். கூம்பு வடிவத்துல வரி வரியா ரொம்ப அழகா இருக்கிற நத்தையைக் கையில எடுக்கவே கூடாது. அதுக்குள்ள ஊசி மாதிரி ஒரு விஷ முள் இருக்கு. சில வகை மனுஷனையே கொன்னிருக்கு.

விரதம் இருந்து, மாமிசம் தொடாம, காலையில தர்ப்பணம் கொடுத்துட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஓட்டைச் சுத்தம் பண்றேன்னு உயிரோட ஒரு நத்தையைக் கொதிக்கிற தண்ணியில போட்டா, அந்த விரதத்துக்கு என்ன பலன்? அமாவாசை அன்னைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்காம நாம சாப்பிடுறது இல்ல. அதே அன்னைக்கு இன்னொரு உயிரைத் தெரியாமக்கூட வதைக்கக் கூடாது.

கடையில வாங்குறதுக்கும் இதே பேச்சுதான். பை பையா விக்கிற பளபளப்பான ஓடுகள் தானா கரை ஒதுங்கினது இல்ல, பெரும்பாலும் உயிரோட பிடிச்சு எடுத்தது. கரை ஒதுங்கின ஓடு அலையில உருண்டு மங்கிப் போயிருக்கும், ஓரம் உடைஞ்சிருக்கும். அந்த மங்கல்தான் அது தானா இறந்ததுக்கு அடையாளம். அதை அழகா பார்க்கப் பழகுங்க.

"அப்போ கோயில்ல ஊதுற சங்கு? அதுவும் உயிர்தானே?"ன்னு யாராவது கேட்பீங்க. நியாயமான கேள்வி. தூத்துக்குடிப் பக்கம் கடல்ல மூழ்கி எடுத்த சங்குதான் நம்ம கோயில்களுக்கு வந்தது. ஆனா ஒரு கோயில்ல ஒரு சங்கு, அது தலைமுறை தலைமுறையா சாமிக்கு ஊதப்படுது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பயணத்துலயும் ஒரு வாளி நிறைய அள்ளிக்கிட்டு வர்றதோட அதை ஒப்பிட முடியாது. இன்னொண்ணும் சொல்லிடுறேன். வலம்புரிச் சங்குன்னு ஃப்ரேம் போட்டு, கண்ணாடிப் பெட்டியில வச்சு விக்கிறாங்களே, அதுல பலது நம்ம கடல் சங்கே இல்ல. அமெரிக்கக் கரையோரத்துல கிடைக்கிற வேற ஒரு நத்தை இனம் இயல்பாவே அந்தப் பக்கம்தான் சுருளும். அதைத்தான் அபூர்வம்னு சொல்லி நம்ம தலையில கட்டுறாங்க. ஏமாறாதீங்க.

சட்டமும் இருக்கு, மறந்துடாதீங்க. பாயார் தீவு, ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் மாதிரி கடல் பூங்காக்கள்ல பவளப்பாறைத் துண்டோ சிப்பியோ எதையும் எடுக்கக் கூடாது. 1985-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டம் அதைத் தடுக்குது. பவளம், ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ் இதெல்லாம் உலக ஒப்பந்தப்படி பாதுகாக்கப்பட்ட இனங்கள், அனுமதி இல்லாம நாடு விட்டு நாடு கொண்டு போக முடியாது. விடுமுறைக்கு வெளிநாடு போயிட்டு வர்றவங்க பெட்டியில பவளத்துண்டு இருந்தா விமான நிலையத்துலயே சிக்கல்.

"ஒரு சிப்பி எடுத்தா கடல் குறைஞ்சா போயிடும்?" இதுவும் அடிக்கடி கேட்கிற பேச்சு. ஸ்பெயின் நாட்டுல லார்கா என்கிற கடற்கரையில ஒரே இடத்தை முப்பது வருஷ இடைவெளியில எண்ணிப் பார்த்து, 2014-ல ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. சுற்றுப்பயணிகள் ஏறக்குறைய மூணு மடங்கு கூடியிருந்தாங்க, சிப்பி ஓடுகள் 60 விழுக்காட்டுக்கு மேல குறைஞ்சிருந்தது. காலி ஓடும் வீணா கிடக்கல. துறவி நண்டுக்கு வீடு, கரைஞ்சா மணலுக்கே திரும்பப் போகுது. அதனால என் யோசனை: ஓர் ஆளுக்கு மூணு. பிள்ளை பத்து பொறுக்கட்டும், கிளம்பும்போது மூணை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. எதை வச்சுக்கிறது, எதை விடுறதுன்னு யோசிக்கிறதே பிள்ளைக்கு ஒரு நல்ல பயிற்சி.

இன்னொரு எச்சரிக்கை. கடலுக்குப் படைச்ச பொருளை எடுக்காதீங்க. அகல் விளக்கு, காசு, கலசம், தேங்காய் எதுவா இருந்தாலும் சரி. பினாங்கு தெலுக் பஹாங்குல மாசி மகத் தெப்பத் திருவிழாவுக்கு எத்தனை பேர் கடல்ல விளக்கு விடுறாங்கன்னு பார்த்திருப்பீங்க. ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தரோட வேண்டுதல். அது "கடல்ல கிடைச்ச அழகுப் பொருள்" ஆகாது. சுத்தம் பண்றவங்க எடுத்து முறையா அப்புறப்படுத்தட்டும்.

சரி, இப்ப வீட்டு வேலைக்கு வருவோம். எடுத்துட்டு வந்த ஓட்டை அப்படியே ஒட்டினா ரெண்டே மாசத்துல நாறும், இல்லன்னா வெள்ளையா மாவு பூத்துடும்.

முதல்ல ஒரு வாளி நல்ல தண்ணியில ரெண்டு நாள் ஊற வைங்க. தண்ணியை நாலஞ்சு தடவை மாத்துங்க, உப்பு முழுசா இறங்கணும். பழைய பல்துலக்கியால மெதுவா தேய்ங்க. இங்கதான் நம்ம அக்காமார் ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும். குத்துவிளக்கு துலக்குற மாதிரி புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் போடவே கூடாது. சிப்பி ஓடு சுண்ணாம்புச் சத்து. புளிப்பு பட்டா அதைத் தின்னுடும், மினுமினுப்பு போயிடும். குளோராக்ஸ் போடுறதா இருந்தா ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணி கலந்து, கொஞ்ச நேரம் மட்டும். அதோட வினிகரைக் கலந்தா நச்சு வாயு வரும், சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல வேணவே வேணாம்.

அப்புறம் நிழல்ல மூணு நாள் காய வைங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு ஒரு நாள் பத்தாது. பளபளப்பு வேணும்னா குழந்தைகளுக்குத் தேய்க்கிற பேபி ஆயில் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேணாம், நாள்பட்டா சிக்கு வாடை வரும்.

பின்னணிக்குக் கடையில அட்டை வாங்காதீங்க. மலிவான அட்டை, பலகையில இருந்து மெல்ல அமிலம் கசியும், அதுதான் ஓட்டுல மாவு பூக்க வைக்கிறது. வெளுத்த பழைய பருத்தித் துணி ஒண்ணை விரிச்சுக் கட்டுங்க. பாட்டியோட புடவைத் துணி, தாத்தாவோட வேட்டி இருந்தா இன்னும் நல்லது. சூட்டுப் பசை நம்ம வெயிலுக்கு விட்டுடும். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கானும் கூடாது, அதுவும் அமிலம்தான். வாடை இல்லாத சிலிக்கான் வாங்குங்க. எல்லாத்தையும் விட நல்லது ஊசி நூல். துணியோட சேர்த்து ரெண்டு தையல் போட்டா பூ கட்டின மாதிரி நிக்கும், வேணும்னா பிரிச்சும் எடுக்கலாம். நேரா வெயில் படுற சுவர்லயும் குளியலறைப் பக்கத்துலயும் மாட்டாதீங்க.

பின்பக்கம் ஒரு தாள்ல எழுதி ஒட்டுங்க: எந்தக் கடற்கரை, எந்தத் தேதி, யார் எடுத்தது, யார் ஞாபகமா. இது இல்லாட்டி பத்து வருஷம் கழிச்சு அது வெறும் ஓடு. இது இருந்தா அது குடும்ப வரலாறு.

கடைசியா ஃப்ரேம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

கடற்கரையை நாங்க கூட்டும்போது சிப்பியை விட அதிகமா கையில சிக்குறது என்ன தெரியுமா? சாமி படம். முருகன், மகாலட்சுமி, பிள்ளையார், எல்லாம் மரச்சட்டத்தோட, கண்ணாடியோட. பழசாயிடுச்சு, வீடு மாறிட்டோம், கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு, குப்பையில போட மனசு வரல, அதனால கடல்ல விட்டுடுறோம். நம்ம கோயில் அரச மரத்தடியிலயும் இதே கதைதான். பக்தியோடதான் செய்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா கடல் அதை ஏத்துக்கிறது இல்ல, மறுநாளே கரையில தள்ளிடுது. உடைஞ்ச கண்ணாடி எங்க தொண்டர்கள் கையைக் கிழிச்சிருக்கு. அதே மணல்ல மத்த இனத்துப் பிள்ளைங்களும் வெறுங்காலோட ஓடுறாங்க. நம்ம சாமி முகம் சேத்துல கவிழ்ந்து கிடக்கிறதை அவங்க பார்த்துட்டுப் போறாங்க. அதை விடப் பெரிய அவமரியாதை என்ன இருக்கு?

ஒரு பக்கம் கடல்ல இருந்து சிப்பி எடுத்து, அதுக்குப் புது ஃப்ரேம் வாங்குறோம். இன்னொரு பக்கம் நல்ல ஃப்ரேமைக் கொண்டு போய் அதே கடல்ல வீசுறோம். கொஞ்சம் யோசிங்க.

என் யோசனை இது. பழைய சாமி படத்தைக் கடலுக்கும் மரத்தடிக்கும் கொண்டு போகாதீங்க. வீட்டுலயே ஒரு கற்பூரம் காட்டிக் கும்பிட்டு, படத்தாளை மட்டும் கவனமா பிரிச்சு எடுங்க. அந்தத் தாளை உங்க கோயில் குருக்கள்கிட்ட கேட்டு முறையா ஒப்படைங்க. சட்டத்தையும் கண்ணாடியையும் துடைச்சு வைங்க. அதுல பிள்ளையோட சிப்பியை வைக்கலாம். ஆழம் பத்தாதுன்னா கண்ணாடிக்கும் பின்பலகைக்கும் நடுவுல நாலு மரக்குச்சி வச்சு உயர்த்துங்க, இல்லன்னா கண்ணாடியை எடுத்துட்டுத் தட்டையான ஓட்டை மட்டும் தைங்க. கண்ணாடி விரிசல் விட்டிருந்தா தடிமனான தாள்ல சுத்தி, மேல "கண்ணாடி"ன்னு எழுதிப் போடுங்க. குப்பை எடுக்கிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

"சாமி இருந்த சட்டத்துல சிப்பியா?"ன்னு சிலருக்கு உறுத்தும். உறுத்தினா செய்ய வேணாம், சட்டத்தை மறுசுழற்சிக்குக் கொடுத்துடுங்க. எனக்கு உறுத்தல. இத்தனை வருஷம் சாமி முகத்தைத் தாங்கின மரம், இனி கடல் கொடுத்ததைத் தாங்கட்டும். சேத்துல கிடந்து அழுகுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

உங்க கருத்து வேற மாதிரி இருந்தா கீழ எழுதுங்க, பெரியவங்க சொல்றதைக் கேட்டுத் திருத்திக்கத் தயாரா இருக்கேன். பிள்ளைங்க செஞ்ச ஃப்ரேம் இருந்தா படம் எடுத்துப் போடுங்க, பார்க்க ஆசையா இருக்கு. அடுத்த தடவை நாங்க கடற்கரையில கோத்தோங் ரோயோங் வைக்கும்போது குடும்பத்தோட வாங்க. கையுறை நாங்க தர்றோம். ஆளுக்கு ஒரு பை குப்பை எடுத்தா, ஆளுக்கு மூணு சிப்பி உங்களுக்கு.

எல்லாருக்கும் இறையருள் கிடைக்கட்டும். ஓம் நமசிவாய.